சிவப்பு டேப் சுற்றிய ஹீட்டர்

பேசாதீங்க. வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும். வாயிலிருந்து கர்ச்சீப்பை எடுக்காமல், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு அப்படியே சாய்ந்து உட்காருங்க. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே உங்கள் முகத்தைப் பார்த்தேன். மலை ஏறுகிற முகமே இல்லை இது. பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்க தலையை ஆட்டினால் போதும். வேண்டாம், தலையையும் ஆட்டாதீங்க.

இதோ, போனில் மறுபடியும் அவர்தான். எங்கள் வீட்டுக்காரர். காரமடை தாண்டுகிற வரைக்கும் சும்மா இருந்த மனுஷன், அப்புறம் பிடித்துக்கொண்டார். கட் பண்ணக் கட் பண்ண அடிக்கிறார். எடுக்க மாட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். மீட்டரைத் தேடுகிறார்.

ஆட்டோ மீட்டர் இல்லைங்க, கரண்ட் பார்க்கிற மீட்டர். மல்டிமீட்டர் என்பார்கள். என் மடியில் இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. மஞ்சள் டப்பா, நடுவில் ஒரு திருகு, சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. கட்டின பெண்டாட்டியைக்கூட அவர் இப்படிக் கையோடு வைத்துக்கொண்டதில்லை. அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தேடட்டும்.

ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தார். அங்கே ஒரு பழக்கமாம். கோளாறான சாமானைச் சோதித்துப் பார்த்து, சிவப்பு டேப்பைச் சுற்றி, ப்ளக்கை வெட்டி எடுத்துவிடுவார்களாம். யாராவது மறந்துபோய்ச் சொருகிவிடக் கூடாதே என்று. நல்ல பழக்கம்தான், மில்லுக்கு. ரிட்டயர் ஆனதும் அதை அப்படியே என் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸிக்குச் சிவப்பு டேப். அயர்ன் பாக்ஸுக்குச் சிவப்பு டேப். பூஜை அறையில் சீரியல் செட் லைட்டுக்குக்கூட விடவில்லை. வீட்டில் டேப் சுற்றாமல் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

டைனிங் டேபிளில் உட்கார முடியாது. பழைய டிவி போர்டு, ரேடியோ போர்டு, யாரோ தூக்கிப்போட்ட சார்ஜர். ஒவ்வொன்றிலிருந்தும் பொடிப் பொடியாகக் கழற்றி, என் ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் ஒயரை வைத்துப் பார்ப்பார். ஒருநாள் சீரகம் மாதிரி ஒன்றைக் காட்டினார். "இதாம்மா டயோடு. இப்படி வெச்சா காட்டும், திருப்பி வெச்சா காட்டக்கூடாது. ஒரு பக்கமாத்தான் போகும், திரும்பி வராது."

"உங்க தம்பி வீட்டுக்குப் போன நம்ம பித்தளை அண்டா மாதிரி" என்றேன்.

சிரிக்கவில்லை. அடுத்ததாக உருளையாக ஒன்றை எடுத்தார். "இது கெப்பாசிட்டர். கரண்டை நிறுத்தின பிறகும் உள்ளுக்குள்ள பிடிச்சு வெச்சிருக்கும். தெரியாமத் தொட்டா அடிச்சுடும்."

"உங்கம்மாவோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ நான். எனக்கு இதைச் சொல்லித் தரணுமா?"

அதற்கும் சிரிக்கவில்லை. கரண்ட் விஷயத்தில் அந்த மனுஷனுக்குச் சிரிப்பே வராது. மில்லில் யாரோ ஒரு பையன் கண்ணெதிரே போய்விட்டானாம். அந்தக் கதை எனக்கு எதற்கு?

ஐயோ, டிரைவர் ஏன் நிறுத்திவிட்டார்? மரமா? குஞ்சப்பனை தாண்டினாலே இப்படித்தான். மழை வேறு. அதோ பாருங்க, ஒயர் மேலேயே விழுந்திருக்கிறது. மலை முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை என்று கண்டக்டர் சொன்னாரே, இதுதான். லைன்மேன் ஏறி நிற்கிறார் பாவம், நனைந்துகொண்டு. சீக்கிரம் சரி பண்ணட்டும். அங்கே என் பெண் நனைந்த தலையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கே விட்டேன்? ஆங், பீப்.

அந்த மீட்டரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். திருகை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, சிவப்பு முனையை இங்கேயும் கறுப்பு முனையை அங்கேயும் தொட்டால், நடுவில் கரண்டுக்கு வழி இருந்தால் பீப் என்று கத்தும். வழி இல்லையென்றால் ஊமை. நான் அடுப்பில் நின்றுகொண்டே காதில் வாங்குவேன். ஒயரைச் சோதிப்பார், பீப் வரும், "நல்லாருக்கு" என்பார். பீப் வராது, "போச்சு" என்பார். இதற்கு ஃபோர்மேன் எதற்கு? என்னைப் படிக்கவைத்தது கான்வென்ட்டுங்க. ஃபிசிக்ஸ் எடுத்த சிஸ்டர் இக்னேஷியாவிடம் பேர் வாங்கினவள் நான். "சாந்தாமணி, நீ ஒரு தரம் கேட்டால் போதும்" என்பார். அந்தப் புத்தியை வைத்துத்தான் இவர் இத்தனை வருஷம் பிழைத்தார்.

இப்போது ஹீட்டர் கதைக்கு வருகிறேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து உள்ளே தொங்க விடுவோமே, அந்த ஹீட்டர் ராடு. என் பெண் மிருதுளா பிறந்தபோது எங்கள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதில் சுட்ட தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டி வளர்த்தேன். போன மார்கழியில் ஒருநாள் சூடு பார்க்க விரலை விட்டேன், சுர்ரென்று கூச்சமாக இருந்தது. செருப்புப் போட்டிருந்தேன். சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் போய் இவரிடம் சொல்வேனா? சொன்னேன். உடனே ஓடிவந்து ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, மீட்டரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பீப் வந்தது. என் காதால் கேட்டேன். நன்றாகக் கணீரென்று வந்தது.

"போச்சு" என்றார்.

"பீப் வந்துச்சே, அப்புறம் எப்படிப் போச்சு?"

"ப்ளக்குல இருக்கிற ரெண்டு பின்னுக்கும் நடுவுல பீப் வரணும். பின்னுக்கும் இந்தக் கம்பிக்கும் நடுவுல வரவே கூடாது. வந்துச்சுன்னா கரண்ட் கம்பிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். கம்பியிலிருந்து தண்ணிக்கு வரும், தண்ணியிலிருந்து உனக்கு வரும்."

கேட்டீங்களா? ஓர் இடத்தில் வரணுமாம், ஓர் இடத்தில் வரக்கூடாதாம். மற்ற சாமானுக்கெல்லாம் பீப் வந்தால் நல்லது. எங்கள் அண்ணன் கொடுத்த சாமானுக்கு மட்டும் பீப் வந்தால் கெட்டது. கான்வென்ட்டில் படித்தவளிடம் இந்தக் கதை நடக்குமா? விதி என்றால் எல்லாருக்கும் ஒரே விதி. "எங்கண்ணன் வாங்கித் தந்ததுன்னா உங்களுக்கு ஆகாதே" என்று கேட்டுவிட்டேன். என் முன்னாலேயே ப்ளக்கை நறுக்கினார். சிவப்பு டேப்பைச் சுற்று சுற்று என்று சுற்றினார். பரணில் போட்டுவிட்டார்.

மறுபடியும் அடிக்கிறார் பாருங்க. கட். இப்போது மெசேஜ் வேறு வருகிறது. என் கண்ணாடி மேலே பெட்டியில் இருக்கிறது, யார் எழுந்து எடுப்பது? நீங்க குனிந்து படிக்காதீங்க, வளைவில் எழுத்தைப் பார்த்தால் இன்னும் குமட்டும். என்ன எழுதியிருக்கப் போகிறார்? மீட்டர் எங்கே, மீட்டர் எங்கே.

ஆ, மரத்தை இழுத்துவிட்டார்கள். வண்டி நகர்கிறது.

மிருதுளாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. டீயை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புகிற வேலை. ருசி பார்க்கிறாளாம். அதற்கு எம்.எஸ்சி. போகட்டும். குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்து வீடு. பீங்கான் ஃப்யூஸ், குமிழ் வைத்த கறுப்பு ஸ்விட்சு, குளியலறையில் சிமென்ட் தரை. அந்தத் தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. மலையில் எது காய்கிறது? பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்துப் பிள்ளைக்கு இருமல். போனில் கேட்டாலே நெஞ்சுக்குள் கரகர என்கிறது. சளி பிடித்தால் அவளுக்கு ருசி தெரியாது, ருசி தெரியாவிட்டால் வேலை என்னாவது?

அப்பாவிடம் கேட்டாள். அவர் சொன்ன பதில் இது: "ஞாயித்துக்கிழமை நானே புது ஹீட்டர் வாங்கிட்டு வர்றேன் பாப்பா. அந்த வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டுத்தான் மாட்டணும். அதுவரைக்கும் கேஸ்ல சுட வெச்சுக்க."

ஞாயிற்றுக்கிழமையாம்! இருமுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. பரணில் நல்ல ஹீட்டர் சும்மா கிடக்கிறது, பிள்ளை அங்கே குளிரில் நடுங்குகிறாள். பெற்றவள் நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

அவர் பென்ஷன் விஷயமாக வெளியே போன நேரம், ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். டேப்பை உரித்தேன். அப்பப்பா, என்ன சுற்று, நகமே போய்விட்டது. முக்கில் இருக்கிற எலெக்ட்ரிக் கடைக்கு எடுத்துப்போய் ப்ளக் மாட்டச் சொன்னேன். "டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "எங்க வீட்டுக்காரர் மில்லு ஃபோர்மேன்" என்றேன். அப்புறம் அவர் ஏன் பேசுகிறார்? மூன்று பின் வைத்த ப்ளக்கை மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டேன், டப்பென்று வீடே அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி டப். திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். "இது வேண்டாம், பழைய மாதிரி ரெண்டு பின் போடுங்க" என்றேன். "மூணாவது ஒயரை, எர்த் ஒயரை, என்னம்மா பண்றது?" என்று இழுத்தார். "மடக்கி வையுங்க, அது என்ன அழவா போகுது?" என்றேன். மடக்கி வைத்தார். வந்து போட்டேன். ஒன்றும் அணையவில்லை! ஆக, கோளாறு ஹீட்டரில் இல்லை, அந்தப் பாழாய்ப்போன ப்ளக்கில். ப்ளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் ஆவி பறந்தது. சூடு பார்க்க விரலை விடப் போனேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பாலை இறக்கி, வந்து ஸ்விட்சை அணைத்தேன்.

ஆனாலும் சோதிக்காமல் பிள்ளைக்குக் கொடுக்கிறவள் இல்லை நான். நம்மைப் பொறுப்பில்லாதவள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. அவருடைய மீட்டரை எடுத்தேன், திருகை அவர் வைக்கிற இடத்திலேயே வைத்தேன். இரண்டு பின்னிலும் வைத்தேன், பீப். இந்தப் பின்னிலும் கம்பியிலும் வைத்தேன், பீப். அந்தப் பின்னிலும் கம்பியிலும் வைத்தேன், அதற்கும் பீப்! எங்கே தொட்டாலும் பீப் என்கிறது. அவர் வாங்கிவைத்திருக்கிற ஒரு சாமானாவது இப்படி எல்லா இடத்திலும் பேசுமா? எங்கள் அண்ணன் வாங்கினால் வாங்கினதுதான்.

என்னங்க, கையை ஏன் பிடிக்கிறீங்க? வருகிறதா? இந்தாங்க கவர். இல்லையா? அப்படியென்றால் சும்மா சாய்ந்துகொள்ளுங்க. அரவேணு வந்தால் தேயிலைக் காற்று அடிக்கும், சரியாகிவிடும். கை என்ன இப்படிச் சில்லிட்டிருக்கிறது உங்களுக்கு?

எதிர்வீட்டுக்காரர்கள் நேற்று காரில் மேலே வந்தார்கள். ஹீட்டரை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். இவரிடம் மூச்சு விடவில்லை. இன்றைக்கு நானே பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினேன். மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் எர்த்து கிர்த்து எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பது? டேப்பை உரித்துக் குப்பைக்கூடையில்தான் போட்டேன். அவர் கூடையைக்கூடக் கிளறிப் பார்க்கிற ஆள். பார்த்திருந்தாலும் பார்த்திருப்பார். பார்க்கட்டும்.

மேட்டுப்பாளையத்தில் நீங்க ஸீட்டில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது மிதுதான் கூப்பிட்டாள். அவளை மிது என்றுதான் கூப்பிடுவோம். "அம்மா, ஃபேக்டரியிலிருந்து வர்றதுக்குள்ள தொப்பலா நனைஞ்சுட்டேன். இங்க கரண்டே இல்ல. போன்ல சார்ஜும் தீந்துட்டு வருது."

"தலைக்கு ஊத்திடு கண்ணு. ஹீட்டரைத் தண்ணிக்குள்ள போட்டு, ஸ்விட்சைப் போட்டே வெச்சுடு. கரண்ட் வந்ததும் தானாச் சுடும்."

"ப்ளாஸ்டிக் பக்கெட்தான் இருக்கு."

"ரொம்ப நேரம் போட்டே வெச்சா அது உருகிடும். வாட்ச்மேன் வீட்டுல இரும்பு வாளி இருந்துச்சே, அதை வாங்கிக்க."

"அப்பா இதுக்கு டேப் சுத்தியிருந்தாரேம்மா?" என்றாள். அப்பன் பிள்ளை, மறக்குமா? "டெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணாமக் கொடுத்துவிடுவேனா? மீட்டர் வெச்சுப் பாத்தாச்சு. பீப் வந்துச்சு."

"அப்பா மீட்டரா?"

"அப்பா மீட்டர்தான்."

அதற்கப்புறம்தான் அவளுக்கு நிம்மதி. "அப்படின்னா சரிம்மா" என்றாள். அவர் வளர்ப்பு அப்படி. மீட்டர் வைத்துப் பார்க்காத எதையும் தொடமாட்டாள், மீட்டர் வைத்துப் பார்த்தது என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தொடுவாள். "சுட்டிருச்சான்னு விரலை விட்டுப் பாத்துக்க, ரொம்பச் சூடா ஊத்தாதே" என்று சொல்வதற்குள் அவள் போன் அணைந்துவிட்டது. பரவாயில்லை. விரலை விட்டுத்தான் பார்ப்பாள். அது மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

இவரும் அவளைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். அது அணைந்து கிடக்கிறது. அதனால்தான் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறார். நடுவில் சிக்னல் வேறு இல்லாமல் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஏங்க, உட்காருங்க. எழுந்தால் தலை சுற்றும். கண்டக்டரை எதற்குக் கூப்பிடுகிறீங்க? இங்கே ஸ்டாப் கிடையாது, இறங்கினால் வெறும் தேயிலைக் காடு, கரடி திரியும். டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லணுமா? இந்த மழையில் இவ்வளவுதான் போவார். என்ன சொல்ல வருகிறீங்க? எடுங்க முதலில் கர்ச்சீப்பை, ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் குடிக்கிறீங்களா? யாருக்கு என்ன ஆகும்? நீங்க பேசாமல் இருங்க, பேசினால் இப்படித்தான் மேல்மூச்சு வாங்கும்.

சட்டையை விடுங்க. அங்கே பாருங்க, ஜன்னலுக்கு வெளியே பாருங்க! அதோ, பள்ளத்தில் ஒரு லைட்டு. மேலே ஃபேக்டரி கூரையில் ஒன்று. கடைவீதி முழுக்க வந்துவிட்டது! அப்பாடி. அந்த லைன்மேன் நன்றாக இருக்கணும், மழையில் நின்று கொடுத்துவிட்டார் பாருங்க. நாம் போய்ச் சேருவதற்குள் அவளுக்குத் தண்ணீர் சுட்டிருக்கும்.

இதோ, சிக்னல் வந்ததும் அடிக்கிறார். எனக்குப் பதில் சொல்லி மாளாது. இந்தாங்க, அவ்வளவு ஆசையாகக் கையை நீட்டுகிறீங்களே, நீங்களே எடுங்க. யார் என்று கேட்டால் பக்கத்து ஸீட் என்று சொல்லுங்க. மீட்டர் எங்கேயும் போகவில்லை, என் மடியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்க.